பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை: இன்சூரன்ஸ் ஏன் தராது, எங்கே இலவசமாகக் கிடைக்கும்?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தனியார் மருத்துவமனை. இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து நான்கு நாள் ஆகிறது. இன்றைக்கு டிஸ்சார்ஜ். கணவர் வேலை பார்க்கும் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் மகப்பேறுக்கும் கவரேஜ் உண்டு. அதனால் பணத்துக்குக் கவலை இல்லை என்று குடும்பம் நினைத்திருக்கிறது. பில்லிங் கவுன்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொல்கிறார்: "சிசேரியனுக்கு அப்ரூவல் வந்திடுச்சு சார். ஃபேமிலி பிளானிங் ஆபரேஷனுக்கு வராது. அதை மட்டும் கையில கட்டிடுங்க."

"ஒரே தியேட்டர், ஒரே மயக்க ஊசி, ஒரே டாக்டர். சிசேரியனுக்கு வரும்போது இதுக்கு மட்டும் ஏங்க வராது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான பதில் அந்தக் கவுன்டரில் இல்லை. பாலிசியோடு வந்த, நம்மில் பலர் புரட்டிக்கூடப் பார்க்காத அந்தத் தடிமனான புத்தகத்தில் இருக்கிறது. 'எவற்றுக்கெல்லாம் பணம் கிடையாது' என்ற பட்டியலில் பதினேழாவது விலக்கு அது.

பதினேழாவது விலக்கு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனமும் தன் இஷ்டப்படி விலக்குகளை எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஒரு விலக்கை எந்த நிறுவனம் சேர்த்தாலும் வாசகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு ஒரே குறியீட்டு எண் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படி வந்த எண்களில் 17, மலட்டுத்தன்மை தொடர்பான செலவுகள். அதன் கீழ் முதல் வரியே, எந்த வகைக் கருத்தடையும், கருத்தடை அறுவை சிகிச்சையும் என்பதுதான். அதற்கடுத்து செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத் தாய் முறை, கருத்தடை ஆபரேஷனைத் திருப்பிச் சரிசெய்வது ஆகியவை வருகின்றன.

அடுத்த எண் 18, மகப்பேறு. பிரசவச் செலவு, சிக்கலான பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு, சட்டப்படி செய்யும் கருக்கலைப்பு எல்லாம் இதில் அடங்கும். கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிடும் ஆபத்தான நிலைக்கும், விபத்தால் ஏற்படும் கருச்சிதைவுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். சாதாரண மருத்துவக் காப்பீடு ஒன்றை வைத்திருக்கும் பெண்ணுக்கு, கர்ப்பத்தைத் தள்ளிப்போடவும் பணம் வராது. தவறிக் கர்ப்பமாகிக் கலைக்க வேண்டி வந்தாலும் வராது. பெற்றுக்கொள்ள முடிவு செய்தாலும் வராது.

இதில் 18-ஐத் தளர்த்தும் பாலிசிகள் நிறைய உண்டு. கம்பெனி குரூப் பாலிசிகள் பலவற்றில் ஓர் உச்சவரம்புக்குள் பிரசவச் செலவு கிடைக்கிறது. தனியாக எடுக்கும் பாலிசிகளிலும் கூடுதல் பிரீமியம் கட்டி மகப்பேறு கவரேஜ் சேர்க்கலாம். ஆனால் அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 9 மாதம் முதல் 4 ஆண்டுவரை பாலிசிக்கு பாலிசி மாறும். 18-ஐத் தளர்த்தும் பாலிசி 17-ஐயும் தளர்த்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கவுன்டரில் நடக்கும் வாக்குவாதத்துக்குக் காரணம் இதுதான். சிசேரியன் 18-ன் கீழ் வருகிறது, கம்பெனி அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறது. அதே மேஜையில் கருக்குழாயைக் கட்டுவது 17-ன் கீழ் வருகிறது, அதற்கு யாரும் பணம் கட்டவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் தர்க்கமும் எளிமையானது. காப்பீடு என்பது எதிர்பாராமல் வரும் நோய்க்கும் விபத்துக்கும். கருத்தடை என்பது திட்டமிட்டுச் செய்வது. அதோடு, பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் பணம் தரும். காப்பர்-டி போடுவதோ, ஊசி போட்டுக்கொள்வதோ வெளிநோயாளியாக அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. அதனால் 17-வது விலக்கையே நீக்கினாலும் இவற்றுக்குப் பணம் வருவது சந்தேகம்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த விலக்கு ஒரு தடை கிடையாது. கருத்தடைக்குப் பணம் தரக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. நிறுவனம் விரும்பினால் சேர்க்கலாம். கம்பெனி கேட்டுப் பேரம் பேசினால் குரூப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளவும் முடியும். கேட்பவர்கள் குறைவு.

"பால் குடுக்கிற வரைக்கும் உண்டாகாது" – உண்மையா?

சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே, பிரசவ நேரத்திலேயே என்ன அவசரம் என்று தோன்றலாம். வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள்: "புள்ளைக்குப் பால் குடுக்கிற வரைக்கும் உண்டாகாதும்மா. நாங்கெல்லாம் என்ன மாத்திரையா சாப்பிட்டோம்?"

இது பாதி உண்மை. தாய்ப்பால் கருத்தரிப்பைத் தடுக்கும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். தண்ணீர், பவுடர் பால், கூழ் எதுவும் தராமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். மாதவிடாய் திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருந்தால் 98 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

தாய்ப்பால் தராத பெண்ணுக்குப் பிரசவமாகி நான்கு வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம். முக்கியமான விஷயம், முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும். "இன்னும் தூரமே வரலையே" என்று நம்பி இருக்கும்போதே அடுத்த கர்ப்பம் நின்றுவிடுவது இதனால்தான்.

ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெருக்கமான கர்ப்பங்களில் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்தசோகை போன்றவற்றின் அபாயம் கூடுகிறது. முதல் பிரசவம் சிசேரியன் என்றால், அந்தத் தையல் ஆறுவதற்கும் காலம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம்.

நம் ஊர் வழக்கம் ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் குழந்தையோடு கணவர் வீட்டுக்குத் திரும்புவார்கள். தாய் வீட்டில் இருக்கும்வரை கருத்தடையைப் பற்றிப் பேச்சே வராது. கணவர் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில், தாய்ப்பாலோடு வேறு உணவும் ஆரம்பித்திருக்கும் அல்லது ஆரம்பிக்கப்போகும். பிரசவம் பார்த்த டாக்டர் ஒரு ஊரில், கிராம சுகாதார செவிலியர் ஒரு ஊரில், இவர் மூன்றாவது ஊரில்.

அதனால்தான் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடிவெடுப்பது நல்லது என்கிறார்கள். காலக்கணக்கும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. காப்பர்-டி போடுவதென்றால், நஞ்சுக்கொடி வெளியேறிய பத்து நிமிடத்துக்குள், அல்லது சிசேரியன் நடக்கும்போதே, அல்லது 48 மணி நேரத்துக்குள் போடலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஏழு நாளைக்குள், அல்லது ஆறு வாரத்துக்குப் பிறகு.

அரசு மருத்துவமனையில் என்ன கிடைக்கும்?

இன்சூரன்ஸ் விட்ட இடத்தைத் தமிழ்நாட்டில் நிரப்புவது அரசு மருத்துவமனைதான். அங்கே பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி இது உரிமை. கருத்தடையும் அப்படியே. அதற்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. 'கலைஞர் காப்பீடு' என்று மக்கள் சொல்லும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களும், அதன் வருமான வரம்பைத் தாண்டியவர்களும் இவற்றைப் பெறலாம்.

காப்பர்-டி: 10 ஆண்டு இருக்கும் வகையும், 5 ஆண்டு இருக்கும் வகையும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்த உடனே கருத்தரிக்கும் திறன் திரும்பும். தாய்ப்பாலைப் பாதிக்காது. பிரசவம் முடிந்தவுடன் போடுவதில் ஒரு குறை, தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு, ஆறு வாரம் கழித்துப் போடுவதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். பிரசவத்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு வந்துபோகும் செலவுக்காக 300 ரூபாய் தர வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் விதி.

'அந்தரா' ஊசி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாலூட்டும் பெண் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதம் கூடுதலாக ஆகலாம்.

'சாயா' மாத்திரை: ஹார்மோன் இல்லாதது, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. பாலூட்டும் பெண்களும் சாப்பிடலாம்.

'மாலா-என்' மாத்திரை: தினமும் சாப்பிட வேண்டியது. இதில் இரண்டு ஹார்மோன்கள் இருப்பதால், பாலூட்டும் பெண்கள் முதல் ஆறு மாதம் தவிர்ப்பது வழக்கம். மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆணுறை: எப்போது வேண்டுமானாலும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஆபரேஷன்: பெண்களுக்கும் ஆண்களுக்கும் இலவசம். மத்திய அரசு 2007-ல் திருத்திய விதிப்படி, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஆணுக்கு 1,100 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, பட்டியலினப் பெண்ணுக்கு 600 ரூபாய், மற்றப் பெண்களுக்கு 250 ரூபாய். ஆணுக்கான ஆபரேஷன் சுலபமானது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. செய்த பிறகு மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இத்தனை இருந்தும் கணக்கு எப்படி இருக்கிறது தெரியுமா? அதே குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.1 சதவீதம். இரண்டு குழந்தை பிறந்ததும் ஆபரேஷன் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் இடையே தள்ளிப்போடும் முறைகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் யார்?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனையில். மீதி ஒரு பங்கு தனியாரில். குடும்பத்தில் ஒருவருக்காவது ஏதாவது ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கும் வீடுகள் 66.5 சதவீதம். அதாவது அட்டை இருக்கிறது, ஆனால் கருத்தடை என்று வரும்போது அந்த அட்டை வேலை செய்யாது.

தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் போகிறவர்களும் உண்டு. மருத்துவமனை ஒரு 'பேக்கேஜ்' சொல்கிறது. காப்பர்-டியோ ஆபரேஷனோ அந்த பேக்கேஜுக்குள் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. தனியாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்ததும், "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த 'அப்புறம்' பல நேரம் வருவதே இல்லை.

இவர்களுக்கும் அரசு மருத்துவமனையின் கதவு திறந்துதான் இருக்கிறது. பிரசவம் எங்கே நடந்தது என்பது பிரச்சினையே இல்லை. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற நாள்தான், தாய்க்குக் காப்பர்-டியும் ஊசியும் தொடங்கக்கூடிய ஆறாவது வாரம். குழந்தைக்காகப் போகும் அந்தப் பயணத்திலேயே தாய்க்கும் கேட்டுவிடலாம்.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மில்லிலோ கார்மென்ட்ஸிலோ வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ள தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், 17-வது விலக்கு போன்ற ஒன்று இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால், சிகிச்சையோடு முழுச் சம்பள அளவுக்குப் பணமும் தருகிறார்கள். பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள். சாதாரண நோய்க்கு ஈ.எஸ்.ஐ. தருவது சம்பளத்தில் 70 சதவீதம்தான். இதற்கு மட்டும் 100 சதவீதம்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 1995-ல் சேர்த்த 9ஏ பிரிவின்படி, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்ணுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்த பிறகு தனியாக ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு இது உதவும். மருத்துவரின் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆபரேஷன் தோற்றுப்போனால்?

எந்தக் கருத்தடை முறையும் நூறு சதவீதம் உறுதி கிடையாது, ஆபரேஷனும் அப்படித்தான். ஆபரேஷன் செய்த பிறகும் கர்ப்பமானால் அதுவே டாக்டரின் அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகிவிடாது என்று 2005-ல் பஞ்சாப் அரசு – சிவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

ஆனால் வழக்குப் போடாமலேயே இழப்பீடு பெற ஒரு திட்டம் இருக்கிறது. ராமகாந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அடுத்து, 2005 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த குடும்ப நலக் காப்பீட்டுத் திட்டம் அது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி மூலம் நடந்தது. 2013 ஏப்ரல் முதல் அரசே நேரடியாகத் தருகிறது. ஆபரேஷன் மேஜையிலோ, டிஸ்சார்ஜ் ஆகி ஏழு நாளுக்குள்ளோ இறந்தால் 2 லட்சம், தோல்வியடைந்தால் 30 ஆயிரம் என்று இருந்த தொகையை, தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இரட்டிப்பாக்கச் சொன்னது. அதன்படி இப்போது மரணத்துக்கு 4 லட்சம், தோல்விக்கு 60 ஆயிரம். சிக்கல் வந்து சிகிச்சை எடுத்தால் 50 ஆயிரம்வரை. அரசு மருத்துவமனைக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஆபரேஷன் செய்ததற்கான சான்றிதழ் இல்லாவிட்டால் விண்ணப்பிப்பதே கஷ்டம். கர்ப்பம் உறுதியானதும் உடனே அதே மருத்துவமனையில் எழுதிக்கொடுத்துவிட வேண்டும்; காலக்கெடு உண்டு.

யோசித்துப் பார்த்தால், கருத்தடைக்கென்று இந்த நாட்டில் இருக்கும் காப்பீடு இதுதான். அதுவும் ஆபரேஷனுக்கு மட்டும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

யார் பணம் தருகிறார்கள் என்ற விதியை மாற்றினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நம்மைவிட நீண்ட காலமாகக் கேட்டுவரும் நாடு அமெரிக்கா. அங்கே இலவச அரசு மருத்துவமனை என்ற ஏற்பாடு பெரிதாக இல்லை. எல்லாமே இன்சூரன்ஸ் வழியாகத்தான். ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு, 2012 முதல் பெரும்பாலான தனியார் பாலிசிகள் கருத்தடைக்கு நோயாளியிடம் ஒரு பைசாகூட வாங்காமல் பணம் தர வேண்டும் என்று ஆனது. நம் 17-வது விலக்குக்கு நேர் எதிரான விதி.

ஆனால் பிரசவ வார்டில் அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. ஏழைகளுக்கான 'மெடிகெய்ட்' என்ற அரசுக் காப்பீடுதான் அங்கே பத்தில் நான்கு பிரசவங்களுக்குப் பணம் கொடுக்கிறது. அது பிரசவத்துக்கு மொத்தமாக ஒரே தொகையைத் தரும். நம் ஊர் பேக்கேஜ் மாதிரி. விலை உயர்ந்த கருத்தடைச் சாதனத்தை அப்போதே பொருத்தினால் அந்தச் செலவு மருத்துவமனையின் தலையில் விழும். அதனால், "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கே 40 சதவீதம் பெண்கள்வரை வருவதில்லை என்கிறது அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு. இன்னொரு பக்கம், கர்ப்பத்தைக் காரணமாக வைத்துக் கிடைத்த மெடிகெய்ட், பிரசவமாகி 60 நாளில் முடிந்துவிடும். பரிசோதனையைத் தவறவிட்டவர் அடுத்த மாதம் போனால் காப்பீடே இருக்காது.

2012-ல் தென் கரோலினா மாநிலம், பிரசவ வார்டில் பொருத்தும் சாதனத்துக்குத் தனியாகப் பணம் தருவது என்று விதியை மாற்றியது. பிறகு மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக மாறின. 60 நாள் காப்பீட்டை 12 மாதமாக நீட்டிக்க 2021-ல் வந்த சட்டம் மாநிலங்களை அனுமதித்தது. பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்துவிட்டன. பில்லில் தனி வரியாகப் பணம் வரும் என்றான பிறகுதான் மருத்துவமனைகள் அந்தச் சாதனத்தைப் பிரசவ வார்டில் இருப்பு வைக்கத் தொடங்கின.

"கேட்டுத்தான் போட்டாங்களா?"

இலவசம் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது சொல்லாமலேயே காப்பர்-டி போட்டுவிட்டார்கள் என்ற புகார்கள் தமிழ்நாட்டிலும் எழுந்திருக்கின்றன. வலியில் துடிக்கும் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. விருப்பத்தைக் கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. கருத்தடைக்குக் கணவரின் கையெழுத்து கட்டாயமும் இல்லை. ஆபரேஷனுக்கே சம்பந்தப்பட்டவரின் சம்மதம் போதும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். கணவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்வோம் என்பதும் தவறு, அவர் போட்டுவிட்டார் என்று மனைவியைக் கேட்காமல் செய்வதும் தவறு.

பிரசவத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏழாம் மாதத்திலேயே இவற்றைக் கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்திடம்: மகப்பேறு கவரேஜ் இருக்கிறதா, எவ்வளவு, காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா? 17-வது விலக்கு என் பாலிசியில் இருக்கிறதா? சிசேரியனோடு ஆபரேஷன் செய்தால் எவ்வளவு கழிப்பீர்கள்? பதிலை இமெயிலில் வாங்குங்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் தீர்வு இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

கம்பெனி எச்.ஆரிடம்: அடுத்த முறை குரூப் பாலிசி புதுப்பிக்கும்போது கருத்தடையையும் சேர்க்க முடியுமா? பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கேள்விக்கு மதிப்பு கூடும்.

தனியார் மருத்துவமனையிடம்: பேக்கேஜில் காப்பர்-டியோ ஆபரேஷனோ சேர்ந்ததா? தனி என்றால் எவ்வளவு? குடும்ப நல ஆபரேஷனுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா?

டாக்டரிடம் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம்: எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை இருக்கிறது, எந்த முறை சரிவரும்? பால் கொடுக்கும்போது எது சாப்பிடலாம்? என்ன முடிவெடுத்தேன் என்பதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தருவீர்களா? சந்தேகம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

கணவரிடம்: ரெண்டாவது பிறந்த பிறகு ஆபரேஷன் யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று எந்தப் பாலிசியிலும் விலக்கு இல்லை.

வளைகாப்புக்கு முன்னாடியே இதையெல்லாம் பேசி முடித்துவிட்டால், டிஸ்சார்ஜ் நாளன்று பில்லிங் கவுன்டரில் நின்று வாதாட வேண்டியிருக்காது. அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பலாம்.